ஸ்வெட்டர் ஊசிகளுக்குத் துணியில் உறை தைக்கணும், அளவு சொல்லுங்கள்

கம்மவான்பேட்டை மருமகள்
வெள்ளி, இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் ஊரை வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். என் மாமனாரும் பட்டாளத்துக்காரர். அவரோடு அம்பாலா, டேராடூன் என்று குவார்ட்டர்ஸ் மாறி மாறிப் போன என் மாமியார் அங்கே பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டார். ஊர் திரும்பி எத்தனையோ வருடம் ஆகியும் பின்னலை விடவில்லை. இந்த வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் தெருவில் கிடையாது. லடாக்கில் ஒரு பேரன், சிக்கிமில் ஒரு தங்கை மகன் என்று போடுவதற்கு ஆள் இருந்துகொண்டே இருக்கிறது.

அவருடைய ஊசிகள் எல்லாம் 35 செ.மீ. அலுமினிய ஊசிகள். 4, 6, 7, 8, 9, 10, 11 ஆகிய நம்பர்களில் ஏழு ஜோடி. அதோடு இரண்டு முனையும் கூராக உள்ள சாக்ஸ் ஊசி நான்கு. இத்தனை நாளும் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பீரோ மேல் கிடந்தன. போன மாதம் என்ன ஆயிற்று என்றால், அத்தை ஸ்வெட்டர் கை பின்னிக்கொண்டு வரும்போது ஒரு வரிசை இறுக்கமாகவும் ஒரு வரிசை தளர்வாகவும் விழுந்திருக்கிறது. பாதிக் கை முடிந்த பிறகுதான் நான் ஊசிகளை வாங்கிப் பார்த்தேன். வலது கையில் 10, இடது கையில் 9. ஒன்பதாம் நம்பரின் இன்னொரு ஊசி எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை. அத்தைக்கு ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்துவிட்டது, இன்னொன்று பாக்கி. ஊசித் தலையில் இருக்கிற குமிழில் அடித்திருந்த நம்பரும் தேய்ந்து போய்விட்டது. அன்று அவர் பின்னியதைப் பிரித்து நூலை உருண்டையாகச் சுற்றும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

ஜோடி பிரியாமல், கை வைத்ததும் எடுக்கிற மாதிரி ஒரு துணி உறை தைத்துத் தர வேண்டும். எனக்குப் பெடல் மெஷின் ஓட்டத் தெரியும், பிளவுஸ் வரைக்கும் தைப்பேன். வெளிநாட்டு வீடியோ ஒன்றைப் பார்த்தேன். அவர்கள் சொல்கிற 8 நம்பர் 5 மி.மீ. நம்மிடம் இருக்கிற 8 நம்பர் 4 மி.மீ. அவர்களுக்கு நம்பர் ஏற ஏற ஊசி தடிக்கிறது, நமக்கு மெலிகிறது. அதனால் அந்த அளவை அப்படியே எடுக்கத் தயக்கமாக இருக்கிறது.

---

குடியாத்தம் டெய்லர்
வெள்ளி, இரவு 10.40

சகோதரி, நல்ல காரியம். இருபது வருடமாகத் தைக்கிறேன். ஊசி உறை தைத்ததில்லை என்றாலும் கார்ப்பென்டர் உளிக்கும் எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவருக்கும் சுருள் பை நிறையத் தைத்திருக்கிறேன். வேலை ஒன்றுதான்.

அளவு முதலில். ஊசி 35. அடியில் ஊசி நிற்கும் இடத்திலிருந்து 38 செ.மீ. உயரம் விடுங்கள். அதற்கு மேல் 18 செ.மீ. மூடி. மடக்கினால் ஊசிக் குமிழ்களை மூடிக்கொண்டு பாக்கெட் வாய்க்குக் கீழே கொஞ்சம் இறங்க வேண்டும். தையலுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்று விட்டால் மொத்தம் 58. அகலம்: ஏழு ஜோடிக்கும் இரண்டரை செ.மீ. வீதம் பதினேழரை, சாக்ஸ் ஊசிக்கு 4, கத்தரியும் இன்ச் டேப்பும் வைக்க 8, இரண்டு ஓரமும் சும்மா விட இரண்டரை இரண்டரை. தையலுக்கும் சேர்த்து 36 வெட்டுங்கள்.

பாக்கெட் துணி தனி. 46 உயரத்துக்கு வெட்டி இரண்டாக மடித்தால் 23 கிடைக்கும். மடிப்பு மேலே வரட்டும், அதுதான் வாய். வாயை மடித்து அடிக்கும் வேலை மிச்சம், பிசிறும் வராது.

இப்போது முக்கியமான விஷயம். பாக்கெட்டை லைனிங் மேல் வைத்து அறை அறையாகத் தையல் போட்டு முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் வெளித்துணியைச் சேர்க்க வேண்டும். மூன்றையும் ஒன்றாக வைத்து அடித்தால் வெளிப்பக்கம் முழுக்கத் தையல் கோடாகத் தெரியும். ஊசி முனை லைனிங்கைக் குத்திக்கொண்டு வந்தாலும் வெளித்துணி தனியாக இருந்தால் அது தாங்கும். அறைத் தையலைக் கீழிருந்து மேலே கொண்டு போங்கள். வாயில் நிறுத்தி மூன்று நான்கு தையல் பின்னால் ஓட்டித் திரும்ப வாருங்கள். ஊசியை எடுக்கும்போது இழுபடுவது அந்த வாய்தான். அங்கே விட்டால் முழுக் கோடும் பிரிந்துவிடும்.

காலருக்குள் வைக்கிற பக்ரம் என்ற விறைப்புத் துணியை வைக்க ஆசைப்படாதீர்கள். சுருட்டச் சுருட்ட அதில் மடிப்பு விழுந்து நிற்கும், ஒரு தரம் துவைத்தால் தொய்ந்துவிடும். விறைப்பு வேண்டுமென்றால் நடுவில் காடா துணி ஒரு மடிப்பு போதும்.

---

ஆம்பூர் தோல் வேலை
சனி, காலை 7.05

அக்கா, துணிக்குப் பதில் தோலில் செய்யலாமே. எங்கள் பக்கம் ஷூவுக்கு மேல்தோல் வெட்டிய பிறகு வருகிற துண்டுகள் நல்ல மெல்லிசாகவே கிடைக்கும். ஊசி முனை குத்தாது, நாற்பது வருடம் உழைக்கும்.

---

குடியாத்தம் டெய்லர்
சனி, காலை 8.20

தம்பி, தோலின் உழைப்பில் சந்தேகமே இல்லை. ஆனால் வீட்டுப் பெடல் மெஷினில், ஏழெட்டு அறைத் தையல், அதுவும் பிரிக்க நேர்ந்தால்? துணியில் தப்பாகப் போட்ட தையலைப் பிரித்தால் ஓட்டை ஒரு துவையலில் மூடிக்கொள்ளும். தோலில் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பீரோவுக்குள் தோல் பூஞ்சை பிடிப்பதையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். துவைக்கவும் முடியாது.

---

ஆம்பூர் தோல் வேலை
சனி, காலை 8.31

ஓட்டை விஷயம் சரிதான் அண்ணா. அப்படியென்றால் கட்டுகிற வார் மட்டுமாவது தோலில் இருக்கட்டும். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

---

வாலாஜா கணக்கு ஆசிரியர்
சனி, காலை 11.50

எல்லா அறைக்கும் இரண்டரை செ.மீ. என்பது கொஞ்சம் தாராளம் என்று தோன்றுகிறது. கணக்காகப் பார்ப்போம். இரண்டு ஊசி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அவற்றைச் சுற்றி ஒரு நூலை இழுத்துக் கட்டினால் நூலின் நீளம், விட்டத்தைப் போல் 5.14 மடங்கு (பை 3.14, அதோடு இரண்டு). துணிக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு அடுக்கு இருப்பதால் அதில் பாதி, அதாவது 2.57 மடங்கு அறை அகலம் வேண்டும். சுலபமாக இப்படி வைத்துக்கொள்ளலாம்: ஊசி விட்டத்தை 2.6 ஆல் பெருக்கி, எடுத்து வைக்க அரை செ.மீ. கூட்டுங்கள்.

4ஆம் நம்பர் 6 மி.மீ., அதற்கு 2.1 செ.மீ. 6ஆம் நம்பர் 5 மி.மீ., 1.8. 8ஆம் நம்பர் 4 மி.மீ., ஒன்றரைக்குச் சற்று மேல். 10ஆம் நம்பர் 3.25 மி.மீ., 1.35. 11ஆம் நம்பர் 3 மி.மீ., 1.3. ஏழு ஜோடிக்கும் சேர்த்துப் பதினோரு சொச்சம் செ.மீ. போதும். ஆறு செ.மீ. துணி மிச்சம், உறையும் கச்சிதமாக இருக்கும்.

---

இரவுப்பணி செவிலி
சனி, மாலை 4.10

நான் வேலூரில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். பின்னலை நான் கற்றுக்கொண்டதே நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்களிடம்தான். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் காட்பாடியில் வந்து இறங்கி, வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று வேலூர்க்காரர்களுக்குத் தெரியும். ஊருக்குத் திரும்பும்போது அங்கே குளிர்காலம் என்று காத்திருக்கிற நேரமெல்லாம் பின்னுவார்கள். ஒரு அம்மா வைத்திருந்த உறை இன்னும் கண்ணில் நிற்கிறது. பழைய புடவையை நான்கு மடிப்பாக வைத்துச் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போட்ட காந்தா துணி. நாற்காலியில் உட்கார்ந்தபடியே மடியில் விரித்தால் ஊசிகள் விசிறி போல வரிசையாக இருக்கும். பெயர் கூப்பிட்டதும் ஒரே சுருட்டில் மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்.

மருமகள் அக்காவுக்கு நான் சொல்ல வந்தது வேறு. உங்கள் அத்தைக்குக் கண்ணால் பார்த்து எடுக்கிற உறையைவிட விரலால் தடவி எடுக்கிற உறைதான் தேவை. 3.75க்கும் 3.25க்கும் அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். தடவிப் பார்த்து 9 எது 10 எது என்று பழகின கையும் ஏமாறும். அறையில் நம்பரை நூலால் எழுதினாலும் அவருக்குத் தெரியப் போவதில்லை.

---

சத்துவாச்சாரி பாட்டி
சனி, மாலை 6.30

மருமகளே, உன் பதிவைப் பேத்தி படித்துக் காட்டினாள். நான் சொல்லச் சொல்ல அவளே எழுதுகிறாள்.

1962இல் சீனாவோடு சண்டை நடந்தபோது ஜவான்களுக்கு அனுப்ப ஸ்வெட்டர் பின்னச் சொல்லி நாடு முழுக்கப் பெண்கள் பின்னினார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் கம்பளி நூல் கொடுத்தார்கள். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. மஃப்ளர்தான் பின்னத் தெரியும், அதைத்தான் பின்னிக் கொடுத்தேன். ஆகவே ஊசி என்றால் எனக்கு ஒரு மரியாதை உண்டு.

அடையாளத்துக்கு நான் செய்வது முடிச்சுத் தையல். தடித்த நூலை ஊசியில் இரண்டு சுற்று சுற்றிக் குத்தி இழுத்தால் கடுகு மாதிரி ஒரு முடிச்சு மேலே நிற்கும். அறைக்கு அறை முடிச்சை எண்ணிக்கையாகப் போட்டுவிடு.

துணி புதியது வாங்காதே. வெளுத்துப் பழகிய துணிதான் ஊசிக்கு நல்லது. வேப்பிலையை நிழலில் காயவைத்துக் கத்தரி அறையில் ஒரு கொத்து போட்டு வை. அந்துருண்டை வேண்டாம். அலுமினிய ஊசிக்கு ஒன்றும் ஆகாது, பிளாஸ்டிக் ஊசி ஏதாவது கூட இருந்தால் பிசுபிசுத்துப் போகும்.

---

இரவுப்பணி செவிலி
சனி, மாலை 6.55

பாட்டி, முடிச்சு யோசனை அருமை. ஆனால் பதினோரு முடிச்சை எண்ணுவதற்குள் விரல் தடுமாறாதா? பட்டன் வைத்த போனில் 5 என்ற எண் மேல் சின்னதாக ஒரு மேடு இருக்கும். அது ஒன்று போதும், மற்ற எண்களை விரல் தானே கண்டுபிடிக்கும். அக்காவிடம் இருப்பது 4, 6, 7, 8, 9, 10, 11. நட்டநடுவில் 8. எட்டாம் நம்பர் அறையில் மட்டும் ஒரு பட்டன் தைத்துவிட்டால் இடப்பக்கம் மூன்று தடி ஊசி, வலப்பக்கம் மூன்று மெல்லிசு ஊசி.

---

சத்துவாச்சாரி பாட்டி
சனி, மாலை 7.10

ரொம்பச் சரி. எண்ணுவதைவிட அது நல்லது. பட்டனை அறையின் வாய்க்குக் கீழே ஒரு விரல்கடை தள்ளி வை. வாயிலேயே வைத்தால் ஊசி எடுக்கும்போது நூல் மாட்டும்.

---

ஆரணி நெசவு வீடு
சனி, இரவு 9.00

வட்ட ஊசி (இரண்டு ஊசியை ஒயரால் இணைத்தது) வைத்திருப்பவர்களுக்கும் இதே உறை சரியாக வருமா?

---

குடியாத்தம் டெய்லர்
சனி, இரவு 9.25

வராது. வட்ட ஊசிக்கு நீள அறை வேண்டாம், சதுரமான பை போதும். சிடி வைக்கிற உறை மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கடுக்காகத் தைத்துக்கொள்ளலாம். ஒயர் சுருண்டே கிடந்து பழகிவிட்டால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு நேராக இழுத்துப் பிடிக்கச் சொல்லி என் தங்கை சொல்வாள்.

---

கம்மவான்பேட்டை மருமகள்
ஞாயிறு, மாலை 5.45

எல்லோருக்கும் நன்றி. துணி எடுத்துவிட்டேன். பரணில் மாமனாருடைய பழைய ஹோல்டால் கிடந்தது. படுக்கையைச் சுருட்டி ரயிலில் கொண்டு போவாரே, அந்தக் கேன்வாஸ். ஓரமெல்லாம் எலி கடித்திருந்தாலும் நடுவில் ஒரு மீட்டருக்கு மேல் கெட்டியாகவே இருக்கிறது. அத்தையிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு "வெட்டிக்கோ" என்றார். அதுதான் வெளித்துணி. லைனிங்குக்கும் பாக்கெட்டுக்கும் குடியாத்தம் லுங்கி ஒன்று வாங்கினேன். இரண்டு மீட்டர் லுங்கியில் எல்லாம் போக மீதியும் இருக்கிறது.

லுங்கியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்துக் கஞ்சி போக அலசிக் காயப்போட்டு இஸ்திரி போட்டேன். இன்றைக்கு லைனிங்கில் பாக்கெட் அறைகளைத் தைத்தேன். ஆசிரியர் ஐயா சொன்ன அளவுப்படி 2.1, 1.8, 1.7 என்று சாக்பீஸால் கோடு போட்டு அடித்தேன். ஊசிகளைப் போட்டுப் பார்த்தால் அடியில் எல்லாம் கச்சிதமாகத்தான் நிற்கின்றன. ஆனால் மேலே குமிழெல்லாம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஊசிகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்கின்றன. சுருட்டினால் அடிப்பக்கம் மெல்லிசாகவும் தலைப்பக்கம் தடியாகவும் சோளக்கதிர் மாதிரி நிற்கிறது. ஒரு ஊசியை இழுத்தால் பக்கத்து ஊசியும் கூடவே வருகிறது. எங்கே தப்பு?

---

குடியாத்தம் டெய்லர்
ஞாயிறு, மாலை 6.20

குமிழை அளந்து பாருங்கள்.

---

கம்மவான்பேட்டை மருமகள்
ஞாயிறு, மாலை 6.24

ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கிறது. மெல்லிய ஊசிக்கும் தடி ஊசிக்கும் ஏறக்குறைய ஒரே குமிழ்தான்.

---

வாலாஜா கணக்கு ஆசிரியர்
ஞாயிறு, மாலை 6.50

தப்பு என்னுடையது. ஊசித் தண்டை அளந்தேன், தலையைக் கணக்கில் எடுக்கவே இல்லை. ஒரு ஜோடிக்கு இரண்டு குமிழ். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே இரண்டு செ.மீ.க்கு மேல் போய்விடுகிறது. அப்படியென்றால் டெய்லர் சொன்ன இரண்டரைதான் சரியான அளவு. உங்கள் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. அந்தச் சூத்திரம் குமிழ் இல்லாத சாக்ஸ் ஊசிக்குத்தான் பொருந்தும். நான்கு ஊசியென்றால் சுற்றளவுக்கு விட்டத்தின் 9.14 மடங்கு வரும், அதில் பாதி எடுத்து அரை செ.மீ. கூட்டினால் போதும்.

---

குடியாத்தம் டெய்லர்
ஞாயிறு, இரவு 7.30

ஐயா, நீங்கள் சொன்ன கணக்கில் தப்பில்லை. உளி, ஸ்க்ரூ டிரைவர் தைக்கும்போது எனக்குக் கைப்பிடி இடிக்கும் என்று தெரியும், அதனால்தான் தாராளமாக விட்டேன். காரணத்தை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.

சகோதரி, பிரிப்பதற்கு பிளேடு வேண்டாம். அடிப்பக்க நூலை நாலு தையலுக்கு ஒரு தரம் வெட்டிவிட்டு மேல் நூலை இழுங்கள், மொத்தமாக வந்துவிடும். இப்போது உங்கள் லுங்கியில் கட்டம் எவ்வளவு? ஒரு அங்குலக் கட்டமாக இருந்தால் சாக்பீஸே வேண்டாம். நெசவுக் கோட்டின் மேலேயே தையலை ஓட்டுங்கள், இரண்டரை செ.மீ. அதுவாகவே வரும். அறைக்குள் முன்துணி கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். பின்னால் இருக்கிற துணி விறைப்பாக இருப்பதால் ஊசியின் தடிமன் முழுக்க முன்துணிதான் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் ஒரு மி.மீ. அல்லது இரண்டு மி.மீ. பாக்கெட் துணியைத் தள்ளிக் கொடுத்துத் தையுங்கள், போதும்.

கேன்வாஸ் சேர்க்கும்போது மெஷின் ஊசியை மாற்ற மறக்காதீர்கள். லுங்கிக்கு 14 சரி. கேன்வாஸ், லைனிங், பாக்கெட் எல்லாம் சேரும் இடத்தில் 16 போடுங்கள், தையலைக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். ஓரத்தில் கேன்வாஸை மடிக்க வேண்டாம், மெஷின் ஏறாது. வெட்டிய ஓரத்தை அப்படியே விட்டு, மிச்ச லுங்கியில் நான்கு செ.மீ. அகலத்துக்கு கிராஸ் பீஸ் (துணியைக் கோணலாக வெட்டிய பட்டை) வெட்டிப் பைப்பிங் அடியுங்கள். மூலைகளை ஒரு டம்ளரை வைத்து வளைவாக வெட்டிக்கொண்டால் கிராஸ் பீஸ் அழகாகத் திரும்பும்.

---

ஆம்பூர் தோல் வேலை
ஞாயிறு, இரவு 9.10

அக்கா, ஹோல்டாலில் தோல் வார் இருந்திருக்குமே, அது இன்னும் இருக்கிறதா? காய்ந்து விறைத்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஈரத்துணியால் அழுக்கைத் துடைத்து, நிழலில் காயவிட்டு, தோலுக்குப் போடுகிற மெழுகை லேசாகத் தேய்த்து இரண்டு நாள் வையுங்கள். வளைத்துப் பார்த்தால் வெடிக்கக் கூடாது. வெடிக்கிற பகுதியை வெட்டிவிட்டு நல்ல பகுதியை எடுங்கள்.

பக்கிள் வேண்டாம், வயதான விரலுக்குக் கஷ்டம். வாரின் ஒரு முனையில் நீளவாக்கில் ஒரு கீறல் போடுங்கள். கீறலின் இரண்டு முனையிலும் சின்ன ஓட்டை போட்டுவிட்டால் கிழியாது. உறையில் ஒரு பெரிய மரப் பட்டன். கீறலில் பட்டனை நுழைத்தால் மூடிக்கொள்ளும். வெல்க்ரோ யாராவது சொன்னால் கேட்காதீர்கள், கம்பளி நூலைப் பிடித்து இழுத்துவிடும்.

---

சத்துவாச்சாரி பாட்டி
திங்கள், காலை 6.40

டிக் பட்டனும் வேண்டாம். எனக்கே அதை அழுத்த விரலில் பலமில்லை. மரப் பட்டன் நல்ல யோசனை, பையனுக்கு என் ஆசீர்வாதம்.

இன்னொன்று. அலுமினிய ஊசி வெளிர் நிற நூலில் சாம்பல் கறை விடும். வெள்ளை ஸ்வெட்டர் பின்னியவர்களுக்குத் தெரியும். உறையில் வைப்பதற்கு முன்னால் ஊசியை ஒரு மெல்லிய துணியால் துடைத்து வைக்கச் சொல். அந்தத் துணிக்கும் கத்தரி அறையிலேயே இடம் இருக்கட்டும்.

---

திமிரி வாசகர்
திங்கள், காலை 10.15

ஹோல்டால் கேன்வாஸில் உறை என்று படித்ததும் ஒன்று ஞாபகம் வந்தது. பிரிட்டிஷ் படையில் சிப்பாய்களுக்கு ஊசி, நூல், பட்டன் வைத்த ஒரு துணிச் சுருள் கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'ஹவுஸ்வைஃப்'. கிழிந்த சட்டையை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும். வேலூர் மணிக்கூண்டில் 1914 முதல் 1919 வரை நடந்த போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் கல்லில் வெட்டியிருக்கிறதே, லாங் பஜார் போகும்போதெல்லாம் அதைப் படிப்பேன். அவர்கள் மூட்டையிலும் அப்படி ஒரு சுருள் இருந்திருக்குமோ என்று இனிமேல் நினைத்துக்கொள்வேன்.

---

கம்மவான்பேட்டை மருமகள்
புதன், இரவு 8.50

முடிந்துவிட்டது.

லுங்கிக் கட்டம் சரியாக ஒரு அங்குலம்தான். நீலக் கோட்டின் மேல் தையலை ஓட்டினேன், ஒரு இடத்திலும் கோணவில்லை. அடியில் ஊசி முனை நிற்கும் இடத்தில் பழைய ஜீன்ஸ் துணியில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு பட்டை உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன். சாக்ஸ் ஊசிகள் இருபது செ.மீ.தான், அவற்றுக்குப் பாக்கெட் வாயை அந்த இடத்தில் மட்டும் தாழ்வாக வெட்டி ஓரம் மடித்து அடித்தேன், இல்லையென்றால் உள்ளே முங்கிப் போகும். கேன்வாஸ் சேர்க்கும்போது ஒரு மெஷின் ஊசி உடைந்தது. 16 போட மறந்துவிட்டேன், அண்ணன் சொல்லியும்.

எட்டாம் நம்பர் அறையில் மாமனாருடைய பழைய கோட்டிலிருந்து எடுத்த ஒரு பித்தளைப் பட்டன். வாரில் பாதிக்கு மேல் வெடிப்பு. நல்லதாக ஒரு முழம் தேறியது, உறையைச் சுற்றி வர அது போதும்.

இன்று சாயங்காலம் அத்தை மடியில் விரித்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தொட்டார். அங்கிருந்து வலப்பக்கம் ஒன்று, இரண்டு என்று விரல் நகர்ந்து பத்தாம் நம்பர் ஜோடியை உருவினார். நான் ஊசியை அளவுத் தகட்டின் ஓட்டையில் போட்டுப் பார்த்தேன், பத்தேதான். திரும்ப வைத்துவிட்டு ஆறை எடுத்தார். அப்புறம் நான்கை. எல்லாவற்றையும் எடுத்து எடுத்து வைத்தார். கடைசியில் ஒன்பதாம் நம்பர் அறையில் விரலை விட்டு, ஒற்றை ஊசியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எடுக்காமல் விட்டுவிட்டார்.

---

சத்துவாச்சாரி பாட்டி
புதன், இரவு 9.20

மருமகளே, என்னிடம் ஒற்றை 9 ஒன்று இருக்கிறது. ஜோடி ரயிலில் தொலைந்தது. பேத்தி தகட்டில் போட்டுப் பார்த்துவிட்டாள், 3.75 சரியாக இருக்கிறது. ஆனால் அது 30 செ.மீ. ஊசி. உன் மாமியாருக்கு ஆகுமா?

---

குடியாத்தம் டெய்லர்
புதன், இரவு 9.45

தையலுக்கு ஒரு தடையும் இல்லை. பாக்கெட் ஆழம் 23. அந்த ஊசி ஏழு செ.மீ. வெளியே நிற்கும், தாராளமாகப் பிடித்து எடுக்கலாம்.

---

இரவுப்பணி செவிலி
புதன், இரவு 10.05

பின்னலுக்கும் தடையில்லை அக்கா. விட்டம் ஒன்றாக இருந்தால் தையல் ஒன்றாகத்தான் விழும். கண்ணிகள் நிறைய இருந்தால் மட்டும் நுனியிலிருந்து நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கை, காலர் பின்ன ஒரு பிரச்சினையும் இல்லை. வெள்ளிக்கிழமை எனக்குப் பகல் ஓய்வு. பாட்டி வீட்டில் வாங்கி கம்மவான்பேட்டை பஸ்ஸில் நானே கொண்டு வருகிறேன்.

---

கம்மவான்பேட்டை மருமகள்
வெள்ளி, இரவு 8.10

ஊசி வந்து சேர்ந்தது. பாட்டி அதைத் துடைத்து, ஒரு மஃப்ளர் துண்டில் சுற்றி அனுப்பியிருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் அறையில் இப்போது ஒன்று உயரமாகவும் ஒன்று ஐந்து செ.மீ. குட்டையாகவும் நிற்கின்றன. பட்டனிலிருந்து எண்ணவே வேண்டியதில்லை, மேலே தடவும்போதே பள்ளம் தட்டுப்படுகிறது என்கிறார் அத்தை. நாளைக்கு அந்தக் கையை முதல் வரிசையிலிருந்து திரும்பப் போடப் போகிறாராம்.

பாட்டிக்கு நீல நூலில் ஒரு உறை தைக்க வேண்டும். மிச்ச லுங்கி இருக்கிறது. உங்கள் ஊசிகளின் நீளமும் எத்தனை ஜோடி என்பதும் எழுதச் சொல்லுங்கள் பேத்தி, குமிழின் அளவையும் மறக்காமல்.